அரியதை அறிதலும் அறிவித்தலும்

கற்பவர் முன்னே இரண்டு தடைகள் எப்பொழுதும் நிற்கின்றன. ஒன்று, 'இஃது அரிது. நமக்கு எட்டாது' என்னும் அச்சம். மற்றொன்று, 'இஃது எளிது. ஒரு கதையில் அடங்கிவிடும்' என்னும் மயக்கம். அச்சம் கொண்டவர் வாயிலிலேயே நின்றுவிடுகின்றனர். மயக்கம் கொண்டவர் வாயிலையே வீடென்று எண்ணி மகிழ்கின்றனர். இருவருமே உள்ளே சென்றவரல்லர். இவ்விரு தடைகளையும் ஒருங்கே காண விரும்புவோர், ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் வகுத்த சார்புக் கொள்கையைப் புதிதாகக் கற்கத் தொடங்கும் மாணவர் ஒருவரை நோக்கினால் போதும்.

அக்கொள்கை இரண்டு படிகளாக வெளிவந்தது. ஒரே சீராக இயங்குவன பற்றிய சிறப்புச் சார்புக் கொள்கை 1905ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஈர்ப்பையும் உட்கொண்ட பொதுச் சார்புக் கொள்கை 1915ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அவற்றை முழுவதும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. தொடக்கநிலையில் உள்ளவர்க்கு இடர் எங்கே உள்ளது, அதனை எவ்வாறு கடப்பது, கற்றதைப் பிறர்க்கு எவ்வாறு எடுத்துரைப்பது என்பனவே ஈண்டு ஆராயப்படும்.

முதலில் அச்சத்தை நோக்குவோம். 1919ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அப்போது ஆங்கில வானியலார் ஆப்பிரிக்காவின் மேற்கே உள்ள பிரின்சிப்பித் தீவிலும், பிரேசில் நாட்டுச் சோப்ரல் நகரிலும் விண்மீன்களைப் படம் பிடித்தனர். சூரியனை ஒட்டி வரும் விண்மீன் ஒளி, ஐன்ஸ்டைன் கணித்தவாறே வளைகிறது என்று அவர்கள் அறிவித்தனர். அவருடைய பெயர் உலகெங்கும் பரவியது. அதனோடு, 'இக்கொள்கையை உணர்ந்தவர் உலகில் மூவரே' என்றொரு பேச்சும் பரவியது. இப்பேச்சு அறிஞரின் பெருமையைக் கூட்டியிருக்கலாம். ஆனால் மாணவரின் ஊக்கத்தைக் குறைத்தது. மூவர்க்கே உரியது என்றால் நான்காமவர் முயல்வானேன்?

உண்மை நிலை வேறு. சிறப்புச் சார்புக் கொள்கையை இன்று கல்லூரி மாணவர் சில வாரங்களில் கற்கின்றனர். அதன் முதன்மையான முடிவுகளைப் பெறுவதற்கு வேண்டும் கணக்கு, செங்கோண முக்கோணத்தைப் பற்றிய பிதாகரஸ் தேற்றமும் வர்க்கமூலமுமே ஆகும். பொதுக் கொள்கையின் கணக்கு மிகக் கடினமானது என்பது மெய். 1912ஆம் ஆண்டில் அதனைத் தொடங்கியபோது ஐன்ஸ்டைனே தம் நண்பர் மார்செல் கிராஸ்மனின் துணையை நாடினார். வேண்டிய கணித முறைகளை அவரோடு சேர்ந்து கற்றார். உலகம் போற்றிய அறிஞரும் ஒரு காலத்தில் அத்துறையில் தொடக்கநிலை மாணவராகவே இருந்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

அங்ஙனமாயின் இடர் எங்கே உள்ளது? அஃது எண்களில் இல்லை, சொற்களில் உள்ளது. 'நிற்கிறது', 'ஓடுகிறது', 'இப்பொழுது', 'ஒரே நேரத்தில்' ஆகியவை நாம் மழலைப் பருவம் முதல் வழங்கிவரும் சொற்கள். அவற்றின் பொருளை நாம் ஒருநாளும் ஐயுற்றதில்லை. அறியாத சொல்லுக்கு அகராதியை நாடுகிறோம். நன்கறிந்த சொல்லுக்கு அகராதியைப் புரட்டுவார் யாவர்? சார்புக் கொள்கையோ நன்கறிந்த சொற்களையே கையில் எடுத்து, 'இதற்கு என்ன பொருள்? யார் அளந்த அளவு?' என்று வினவுகிறது. இவ்வினாவிற்கு மனம் இசைவதுதான் கடினம்.

'நிற்கிறது' என்னும் சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். இத்தாலிய அறிஞர் கலிலியோ 1632ஆம் ஆண்டில் வெளியிட்ட உரையாடல் நூலில் ஒரு கப்பலின் கீழறையை நம் கண்முன் நிறுத்துகிறார். அவ்வறையில் வண்ணத்துப் பூச்சிகள் பறக்கின்றன. நீர்க்கலத்தில் மீன்கள் நீந்துகின்றன. மேலே தொங்கும் குடுவையிலிருந்து நீர் சொட்டுச்சொட்டாகக் கீழுள்ள கலத்தில் விழுகிறது. கப்பல் நின்றாலும், அலைவின்றி ஒரே சீராகச் சென்றாலும், இவற்றில் ஒன்றும் மாறுவதில்லை. ஆதலின், அறைக்குள் இருப்பவர் வெளியே நோக்காமல் கப்பல் நிற்கிறதா, செல்கிறதா என்று கூறுதல் இயலாது. 'நிற்கிறது' என்றால் எதனை நோக்க நிற்கிறது என்று சொல்லியாக வேண்டும். தொடர்வண்டியில் பயணம் செய்து, பக்கத்து வண்டி நகர்ந்தபோது நம் வண்டியே நகர்கிறது என்று எண்ணியவர்க்கு இஃது எளிதில் விளங்கும்.

இனி, ஒளியை நோக்குவோம். ஒளி செல்வதற்கும் காலம் வேண்டும் என்பதை 1676ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு வானியலார் ஓலே ரோமர், வியாழனின் துணைக்கோளைக் கொண்டு காட்டினார். ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் செல்கிறது. 1865ஆம் ஆண்டில் மாக்சுவெல் வெளியிட்ட மின்காந்தச் சமன்பாடுகள் இவ்வேகத்தைக் கணக்காலேயே தந்தன. ஆனால் அது யாரை நோக்கிய வேகம்? புவி சூரியனைச் சுற்றி நொடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அவ்வோட்டத்தால் ஒளியின் வேகம் திசைக்குத் திசை வேறுபடும் என்று எதிர்பார்த்து, 1887ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் கிளீவ்லாந்து நகரில் மைக்கல்சன், மார்லி என்னும் இருவர் நுட்பமான சோதனை நிகழ்த்தினர். எதிர்பார்த்த வேறுபாடு காணப்படவில்லை.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டிக்குள் ஒருவர் முன்னோக்கி 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால், நிலையத்தில் நிற்பவர்க்கு அவர் வேகம் 65 கிலோமீட்டர் என்று கூறுகிறோம். ஒளி மட்டும் இக்கணக்கிற்கு உட்படவில்லை. அதனைத் துரத்திச் செல்பவர்க்கும், எதிர்கொண்டு வருபவர்க்கும், நின்று நோக்குபவர்க்கும் அதன் வேகம் ஒன்றே. ஐன்ஸ்டைன் தம் 16ஆம் வயதில், சுவிட்சர்லாந்து நாட்டு ஆராவ் நகரப் பள்ளியில் பயின்றபோது, 'ஒளிக்கதிரை அதன் வேகத்திலேயே துரத்திச் சென்றால் என்ன காண்பேன்?' என்று எண்ணிப் பார்த்தாராம். அவ்வினாவிற்கு விடை காண ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் ஆயின. மாணவர்களே! அது பேராசிரியர் ஒருவரின் வினா அன்று. உங்கள் வயதை ஒத்த ஒரு மாணவரின் வினா. விடை உடனே கிட்டாத வினாவை மனத்தில் வைத்துக் காத்தலும் கல்வியே ஆகும்.

இனி, இக்கொள்கையின் நடுநாடியான சொல்லிற்கு வருவோம். 'இங்கு' என்னும் சொல் பேசுபவரைச் சார்ந்தது என்பதை எல்லோரும் ஒப்புவர். மதுரையில் இருப்பவர்க்கு 'இங்கு' மதுரை. நெல்லையில் இருப்பவர்க்கு 'இங்கு' நெல்லை. இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. ஆனால் 'இப்பொழுது' என்னும் சொல்லை நாம் அவ்வாறு கருதுவதில்லை. உலகமுழுதும் பரந்துள்ள ஒரே 'இப்பொழுது' உண்டென்றும், அது யாவர்க்கும் பொதுவென்றும் கொள்கிறோம். ஐன்ஸ்டைன் இந்த நம்பிக்கையையே வினவினார்.

காலத்தை நாம் எவ்வாறு அறிகிறோம்? எழுத்தொலியின் அளவைக் கூறவந்த தொல்காப்பியனார், கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் மாத்திரைக்கு அளவாகக் காட்டினார். காலம் யாது என்னும் வாதத்தில் அவர் புகவில்லை. காலத்தை எதனால் அளப்பது என்பதையே காட்டினார். ஐன்ஸ்டைனும் அளவையிலிருந்தே தொடங்கினார். கடிகாரம் காட்டுவதே அவ்விடத்துக் காலம். ஆனால் தொலைவில் உள்ள இரண்டு கடிகாரங்கள் ஒத்திருக்கின்றன என்று எவ்வாறு அறிவது என்று வினவினார். இதனால் சார்புக் கொள்கை தொல்காப்பியத்திலேயே உளது என்று ஒருவரும் கொள்ளலாகாது. அவ்வாறு கூறுவது இரண்டு நூல்களுக்கும் இழுக்காகும். அளவையைக் காட்டாமல் காலத்தைப் பற்றிப் பேசுதல் பயனற்றது என்னும் தெளிவு ஒன்றே இங்கு நாம் கொள்ளத்தக்கது.

ஐன்ஸ்டைன் காட்டிய எடுத்துக்காட்டு இது. நீண்ட தொடர்வண்டி ஒன்று மிகுந்த வேகத்தில் ஓடுகிறது. அதன் முன்முனையிலும் பின்முனையிலும் இரண்டு மின்னல்கள் தாக்குகின்றன. தண்டவாளத்தின் அருகே, இரண்டு மின்னல்கள் விழுந்த இடங்களுக்கும் நடுவில் ஒருவர் நிற்கிறார். இரண்டு ஒளிகளும் அவரை ஒருங்கே அடைகின்றன. ஆதலின் 'இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தன' என்கிறார் அவர். வண்டியின் நடுவில் அமர்ந்திருப்பவரோ முன்னோக்கிச் செல்கிறார். முன்முனையிலிருந்து வரும் ஒளியை முதலில் சந்திக்கிறார். பின்முனை ஒளி அவரைப் பிறகே அடைகிறது. ஆதலின் 'முன்முனை மின்னலே முதலில் விழுந்தது' என்கிறார் அவர்.

பெரும்பாலான மாணவர் இடறும் இடம் இதுவே. 'அவர் முதலில் கண்டார், அவ்வளவே. உண்மையில் இரண்டும் ஒரே நேரத்தில்தானே விழுந்தன?' என்று அவர்கள் கேட்பர். கேட்கத்தக்க கேள்வி அது. விடையைப் படிப்படியாக நோக்க வேண்டும். வண்டியில் இருப்பவர் வண்டியின் சரிநடுவில் இருக்கிறார். இரண்டு முனைகளும் அவர்க்குச் சமத் தொலைவு. ஒளியின் வேகம் இரண்டு திசைகளிலும் அவர்க்கு ஒன்றே. சமத் தொலைவைச் சம வேகத்தில் கடந்த இரண்டு ஒளிகளில் ஒன்று முன்னும் மற்றொன்று பின்னும் வந்தால், புறப்பட்ட நேரமும் முன்பின் ஆதல் வேண்டும் அன்றோ? நிற்பவர் கூற்றே உண்மை, ஓடுபவர் கூற்று மயக்கம் என்று தள்ளுவதற்கும் வழியில்லை. 'நிற்பவர்' என்று எவர்க்கும் தனியுரிமை இல்லை என்பதைக் கலிலியோவின் கப்பலே காட்டிவிட்டது. ஆகவே தொலைவில் உள்ள இரண்டு நிகழ்ச்சிகளைக் குறித்து 'ஒரே நேரம்' என்பது, அளப்பவரின் இயக்கத்தைச் சார்ந்த சொல்லாகிறது.

இந்த ஒரு படியைக் கடந்தவர் பாதி வழி சென்றவராவர். கற்பிப்போர் பலர் இதனை விடுத்து, 'ஓடும் கடிகாரம் மெதுவாகச் செல்லும்' என்பதை முதலில் கூறிவிடுகின்றனர். அது கேட்போர்க்கு வியப்பைத் தரும், விளக்கத்தைத் தராது. ஏனெனில், ஓடுபவர் நோக்கில் நிலையத்துக் கடிகாரமே ஓடுகிறது. அதுவே மெதுவாகச் செல்ல வேண்டும். 'இவர் கடிகாரம் மெதுவா, அவர் கடிகாரம் மெதுவா?' என்று மாணவர் திகைப்பர். தொலைவில் உள்ள கடிகாரங்களை ஒப்பிடுவதற்கு 'ஒரே நேரம்' என்னும் சொல் வேண்டும். அச்சொல்லே இருவர்க்கும் வேறு என்று முன்னமே அறிந்தவர்க்குத் திகைப்பு நீங்கும். ஆகவே, ஒரே நேரம் என்பதன் பொருளை முதலிலும், கடிகாரத்தின் மெதுவான ஓட்டத்தைப் பின்னரும் கற்பிப்பதே முறை என்பது என் துணிபு.

அதற்கு வேண்டிய கணக்கோ மிகச் சிறிது. வண்டியின் தரையிலிருந்து கூரைக்கு ஓர் ஒளிக்கதிர் நேர்மேலே செல்கிறது; வண்டியில் இருப்பவர்க்கு அதற்கு 4 அலகு நேரம் ஆகிறது எனக் கொள்வோம். வண்டி ஒளியின் வேகத்தில் ஐந்தில் மூன்று பங்கு வேகத்தில் ஓடுகிறது. வெளியே நிற்பவர்க்கு அக்கதிர் நேராகச் செல்லாமல் சாய்ந்து செல்கிறது. வண்டி 3 அலகு நகர்வதற்குள் கதிர் 4 அலகு உயர்கிறது. ஆகவே அது சென்ற சாய்வுவழி 5 அலகு. ஒளியின் வேகம் அவர்க்கும் அதுவே ஆதலின் 5 அலகு நேரம் ஆகிறது. வண்டிக்குள் 4, வெளியே 5. மூன்று, நான்கு, ஐந்து என்னும் முக்கோணம் நீங்கள் நன்கறிந்ததே.

'இது வெறுங் கணக்கு, இயற்கையில் உண்டா?' என்று கேட்பதும் மாணவரின் உரிமை. உண்டு. விண்ணிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதும்போது, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில் மியூவான் என்னும் நுண்துகள்கள் தோன்றுகின்றன. அவற்றின் சராசரி வாழ்நாள் நொடியின் பத்து இலட்சத்தில் 2.2 பங்கு. அந்த நேரத்தில் ஒளியே 660 மீட்டர்தான் செல்லும். எனினும் மியூவான்கள் தரையை வந்தடைகின்றன. விரைந்தோடும் அவற்றின் வாழ்நாள் நம் கடிகாரத்தில் நீள்கிறது என்பதை, ரோசி, ஹால் என்னும் இருவர் வெவ்வேறு உயரங்களில் துகள்களை எண்ணி 1941ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 1971ஆம் ஆண்டில் ஹேஃபலே, கீட்டிங் என்னும் இருவர் அணுக்கடிகாரங்களை வானூர்தியில் ஏற்றி உலகைச் சுற்றி வந்தனர். தரையில் இருந்த கடிகாரங்களோடு ஒப்பிட்டபோது கொள்கை கூறிய வேறுபாடு காணப்பட்டது. இன்று கைப்பேசியில் வழிகாட்டும் செயற்கைக்கோள்களின் கடிகாரங்களுக்கும் இத்திருத்தம் வேண்டும். புவியிடங்காட்டும் அமெரிக்கக் கோள்களில், வேகத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 மைக்ரோ நொடி பின்தங்குதலும், ஈர்ப்பின் குறைவால் ஏறத்தாழ 45 மைக்ரோ நொடி முந்துதலும் உண்டு. ஆக 38 மைக்ரோ நொடி முந்துகின்றன. சிறிதென்று எண்ணற்க. அதற்குள் ஒளி 11 கிலோமீட்டருக்கு மேல் சென்றுவிடும்.

அங்ஙனமாயின் நாம் இதனை ஏன் உணர்வதில்லை? மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டியின் கடிகாரம் இக்காரணத்தால் ஒரு நொடி பின்தங்குவதற்கு 70 இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஓட வேண்டும். நம் சொற்கள் நம் வேகத்திற்கு ஏற்ப அமைந்தவை. ஆகவே நம் முன்னோர் வழங்கிய சொற்கள் பிழையானவை அல்ல. அவற்றின் எல்லைக்கு அப்பால் நாம் சென்றிருக்கிறோம், அவ்வளவே.

சொல்லைப் பற்றிப் பேசும்போது, 'சார்பு' என்னும் சொல்லையும் நோக்குதல் வேண்டும். இச்சொல்லிற்கு இரண்டு நிழல்கள் உண்டு. 'அவர் அந்தப் பக்கம் சார்பானவர்' என்னும்போது அது விருப்பு வெறுப்பைக் குறிக்கிறது. இப்பொருளைக் கொண்டு, 'எல்லாம் அவரவர் எண்ணத்தைப் பொறுத்தது என்றே ஐன்ஸ்டைன் கூறினார்' என்பார் உளர். மகிழ்ச்சியில் நேரம் விரைவதும் துன்பத்தில் நேரம் நீள்வதும் சார்புக் கொள்கைக்குச் சான்று என்பாரும் உளர். இரண்டும் தவறு. இங்கே 'சார்பு' என்பது, இலக்கணத்தில் சார்பெழுத்து என்பது போல, ஒன்றைப் பற்றி நிற்றலையே குறிக்கும். காலமும் நீளமும் அளப்பவரின் இயக்கத்தைப் பற்றி நிற்கின்றன; அவர் மனநிலையைப் பற்றி நிற்கவில்லை. அளப்பவர் இல்லாமல் வெறுங் கருவியே இருந்தாலும் அதே அளவுதான் கிடைக்கும். மேலும், இக்கொள்கை மாறாதவற்றையே அடித்தளமாகக் கொண்டது. ஒளியின் வேகம் மாறாது. இயற்கையின் விதிகள் சீராக இயங்கும் யாவர்க்கும் மாறா. மாறுவனவற்றுக்கிடையே மாறாததைக் கண்டதே இதன் பெருமை. இதனை 'எல்லாம் மாறும்' என்று சுருக்குவது, நூலின் தலைப்பை மட்டும் படித்து உரை எழுதுவதை ஒக்கும்.

அடுத்து, உவமையால் வரும் மயக்கத்தைக் காண்போம். உவமை பெரும்பாலும் ஒருபுடை ஒப்புமை உடையது என்பது நம் இலக்கண மரபு. முகத்தை மதி என்றால் ஒளியையும் குளிர்ச்சியையும் கொள்ள வேண்டும். மதியின் தேய்வைக் கொள்ளலாகாது. அறிவியல் விளக்கத்திலும் இவ்விதியைப் போற்ற வேண்டும். பொதுச் சார்புக் கொள்கையை விளக்குவோர், இழுத்துக் கட்டிய துணியின் நடுவே இரும்புக் குண்டை வைத்து, சிறு கோலிகள் அதனை நோக்கி உருள்வதைக் காட்டுவர். வெளி வளைதல் என்பதற்கு இது நல்ல தொடக்கமே. ஆனால் கோலி கீழே உருள்வது புவியின் ஈர்ப்பால் அன்றோ? ஈர்ப்பை விளக்குவதற்கு ஈர்ப்பையே துணைகொள்வதாகிறது. மேலும், காலமும் வளைவில் பங்கு கொள்கிறது என்பதைத் துணி காட்டுவதில்லை. உவமை கூறுவதில் குற்றமில்லை. அது முடியும் இடத்தைக் கூறாமல் விடுவதே குற்றம்.

இவ்வளவு இடர்களையும் கடக்க வழி யாது? நம் நூல்களே வழி கூறுகின்றன. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், பாடம் கேட்டலின் முறையை வகுத்துரைக்கிறது. ஆசிரியர் உரைத்ததைச் செவ்வையாகக் கேட்டாலும் மாணவர்க்குக் கிட்டுவது புலமையில் கால் பங்கே. உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு கால் பங்கு. தான் பிறர்க்கு எடுத்துரைப்பதாலேயே எஞ்சிய அரைப் பங்கு என்பது அந்நூலின் கணக்கு. கேட்டதை மனத்திலேயே வைத்திருக்கும்போது எல்லாம் தெளிவாகத் தோன்றும். வாய்திறந்து கூறத் தொடங்கும்போதே இடையில் ஒரு படி விடுபட்டிருப்பது புலப்படும். எதிரில் இருப்பவர் 'அது எப்படி?' என்று கேட்கும் ஒரு கேள்வி, பத்து முறை படித்தாலும் புலனாகாத இடைவெளியைக் காட்டிவிடும்.

ஐன்ஸ்டைன் வாழ்விலேயே இதற்குச் சான்று உண்டு. 1905ஆம் ஆண்டில் அவர் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் பணியாற்றி வந்தார். அங்கு உடன் பணியாற்றிய நண்பர் மிக்கேல் பெஸ்ஸோவிடம் ஒருநாள் தம் இடர்களை எல்லாம் எடுத்துரைத்தார். அவ்வுரையாடலின் பயனாகவே தீர்வு விளங்கியது என்றும், மறுநாளே நண்பரிடம் நன்றி கூறினார் என்றும் 1922ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டுக் கியோத்தோ நகரில் ஆற்றிய உரையில் அவர் நினைவுகூர்ந்தார். பிறர் நூல்களை மேற்கோள் காட்டாத அந்த 1905ஆம் ஆண்டுக் கட்டுரை, பெஸ்ஸோவுக்கு நன்றி கூறி முடிகிறது. விடை கண்டவர் விளக்கினார் என்பதே நாம் அறிந்த முறை. இங்கோ, விளக்க முற்பட்டவர் விடை கண்டார்!

நம் நாட்டிலும் ஒரு சான்று உண்டு. மேகநாத சாகா, சத்தியேந்திரநாத போஸ் என்னும் இருவர் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இளம் விரிவுரையாளராக இருந்தனர். அவர்கள் ஐன்ஸ்டைன், மின்கோவ்ஸ்கி ஆகியோரின் ஜெர்மானியக் கட்டுரைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தனர். மகாலனோபிஸ் எழுதிய வரலாற்று முன்னுரையோடு 1920ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகம் அந்நூலை வெளியிட்டது. அப்போது இருவர்க்கும் ஏறத்தாழ 26 வயதே. முற்றும் கற்றுத் தேர்ந்த பின்னரே பெயர்ப்போம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. பெயர்ப்பதோ ஒவ்வொரு சொல்லையும் எடைபோடும் பணி. புரியாத வரியைத் தாண்டிச் செல்ல அது இடந்தராது. நான்கே ஆண்டுகளில், 1924ஆம் ஆண்டில், போஸ் எழுதிய கட்டுரையை ஐன்ஸ்டைனே ஜெர்மானியத்தில் பெயர்த்து வெளியிடச் செய்தார். பெயர்த்தவரின் எழுத்தை மூல ஆசிரியரே பெயர்த்த பெருமையை என்னென்பது!

'அரைகுறையாகக் கற்றவர் பிறர்க்கு விளக்கினால் பிழையன்றோ பரவும்?' என்று சிலர் தடை கூறுவர். இத்தடையைப் புறந்தள்ளுதல் கூடாது. மேலே கூறிய 'எல்லாம் சார்பே' என்னும் பேச்சு அவ்வாறு பரவியதே. ஆயினும், அதற்கு மருந்து வாய்மூடி இருத்தலன்று. வரையறையோடு பேசுதலே ஆகும். தாம் கூறுவனவற்றை மூன்றாகப் பிரித்துக் கூறும் பழக்கத்தை மாணவர் மேற்கொள்ள வேண்டும். 'இது சோதனையில் கண்டது. இது அதிலிருந்து காரணம் காட்டிப் பெற்றது. இது விளங்குவதற்காகக் கூறும் உவமை' என்று எல்லை காட்டுதல் வேண்டும். மியூவான்கள் தரையை அடைதல் கண்டது. மூன்று, நான்கு, ஐந்து முக்கோணக் கணக்கு காரணத்தால் பெற்றது. துணியும் குண்டும் உவமை. இம்மூன்றையும் கலவாமல் உரைப்பவர் தொடக்கநிலை மாணவரே ஆயினும் பிழை பரப்புபவர் ஆகார். இவற்றைக் கலந்துரைப்பவர் பெரும்புலவரே ஆயினும் மயக்கம் விளைப்பவரே ஆவர்.

நான்காவது ஒன்றும் உண்டு: 'இதற்கு மேல் எனக்கு விளங்கவில்லை' என்று கூறுதல். இச்சொல்லைக் கூற நாணுவதே கல்விக்குப் பெரும் பகை. 'விளங்கவில்லை' என்பது முடிவன்று. எங்கே விளங்கவில்லை என்று சுட்டும்போது அது வினாவாகிறது. 'சார்புக் கொள்கை விளங்கவில்லை' என்பவர் வெளியே நிற்கிறார். 'வண்டியில் இருப்பவர் ஒளி வந்த நேரத்தைக் கொண்டு, அது புறப்பட்ட நேரத்தை எவ்வாறு முடிவு செய்கிறார் என்பது விளங்கவில்லை' என்பவர் உள்ளே நுழைந்துவிட்டார்.

இவற்றை எல்லாம் தாய்மொழியில் செய்தல் வேண்டும் என்பதையும் வற்புறுத்த விரும்புகிறேன். பிறமொழிச் சொல்லை நெட்டுருச் செய்பவர் அதன் பொருள் விளங்காமலேயே தேர்வில் எழுதிவிடலாம். 'ஒரே நேரம்' என்று தம் மொழியில் கூறுபவர் அதன் பொருளோடு மோதியே ஆக வேண்டும். போஸ் அவர்கள் 1948ஆம் ஆண்டில் வங்க மொழியில் அறிவியலைப் பரப்புவதற்கென ஒரு கழகத்தை நிறுவினார். தமிழிலும் பெ. நா. அப்புசாமி போன்றோர் வாழ்நாளெல்லாம் அறிவியலை எளிய நடையில் எழுதி வழிகாட்டினர். அவ்வழி இன்னும் நெடிது. அதில் நடக்க உங்களைப் போன்றோர் வேண்டும்.

ஐன்ஸ்டைன் பொதுமக்களுக்கென எழுதிய நூல் 1917ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனைப் படிப்பவரிடம் பள்ளிக் கல்வியின் அளவு அறிவோடு, பொறுமையும் மன உறுதியும் வேண்டும் என்று அவர் முன்னுரையில் எதிர்பார்க்கிறார். பிறவி அறிவாற்றல் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. மாணவர்களே! இன்று மாலையே தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்வண்டியையும் இரண்டு மின்னல்களையும் வரையுங்கள். அருகில் இருக்கும் தோழர் ஒருவர்க்கு அதனை விளக்குங்கள். அவர் இடைமறித்துக் கேட்கட்டும். விடை தெரியாவிடில் அவ்வினாவைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் செல்லுங்கள். நன்னூல் கூறும் அரைப் பங்குப் புலமை அவ்விடத்திலேயே தொடங்குகிறது.